சாவிக்கொத்து யார் இடுப்பில்?

2019இல் மதுரையில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கினோம். ‘முதல் சம்பளம்’ என்று பெயர். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பெண் தன் முதல் சம்பளம் எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தாள், அது என்ன ஆயிற்று என்று சொல்வாள். பீடி சுற்றியவர், நூல் மில்லில் வேலை பார்த்தவர், சத்துணவு ஆயா, வங்கியில் மேலாளராக ஓய்வுபெற்றவர் எனப் பலர் பேசினார்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பணத்தைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. மூன்று ஆண்டுகளில் 22 பகுதிகள் வந்தன.

இன்று எங்கள் கையில் இருப்பவை 9.

கணக்குத் தொடங்கிய நாளில் எங்களில் ஒருத்தியின் கணவர், “இதெல்லாம் நான் பண்ணித் தரேன், நீங்க பேசுற வேலையைப் பாருங்க” என்றார். நன்றாகத்தான் இருந்தது. இலவசச் செயலி, அவருடைய மின்னஞ்சல், அவருடைய போன் நம்பர். 2022இல் தோழி அந்த வீட்டை விட்டு வந்தாள். பாட்காஸ்ட் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டது. பாஸ்வேர்டைக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை, பதிலே சொல்லவில்லை. அந்த நிறுவனத்துக்கு எழுதினோம். பதிவு செய்த மின்னஞ்சல் யாருடையதோ அவரே கணக்கின் உரிமையாளர் என்று பணிவான பதில் வந்தது. பிறகு ஒரு நாள் தேடியபோது நிகழ்ச்சியே இல்லை. ஒருத்தி பஸ்ஸில் கேட்பதற்காகப் போனில் இறக்கி வைத்திருந்த 9 பகுதிகள் மட்டும் தப்பின. அழிந்தவற்றில் ஒன்று பீடி சுற்றிய அம்மாவுடையது. அதற்கு முந்தைய வருடம்தான் அவர் இறந்திருந்தார். அவருடைய மகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அம்மா குரலு வேற எதுலயும் இல்லக்கா. எப்படியாவது எடுத்துக் குடுங்க.”

ஒலிக்கோப்புகள் பொதுவெளியில் இருந்த அத்தனை நாளும், எந்த பாஸ்வேர்டும் இல்லாமலே 22ஐயும் இறக்கியிருக்கலாம். அது எங்களுக்குத் தெரியவில்லை. அதைவிட, இதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

இப்போது மறுபடி தொடங்குகிறோம். பாட்காஸ்டோடு மாதம் ஒரு நியூஸ்லெட்டரும் உண்டு. மடல் என்றே அழைக்கிறோம். எந்தத் தளத்தில் வைப்பது என்று முடிவுசெய்ய, ஒப்பீட்டுக் கட்டுரைகள் ஏராளமாகப் படித்தேன். எது மலிவு, எது அழகு, எதில் வேகமாக வாசகர்கள் சேர்வார்கள் என்று அட்டவணை போட்டு எழுதியிருக்கிறார்கள். சொந்தப் பெயரில் கிரெடிட் கார்டும், வெளியே சொல்லத் தயங்காத முகவரியும், யாரும் எட்டிப் பார்க்காத போனும் உள்ள ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை அவை. அந்த ஆள் எங்கள் ஐவரில் இல்லை. எங்களுக்குத் தேவையான கேள்விகளை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கணக்கு யார் பெயரில்? வாசகர் பட்டியல் யாரிடம்? கிளம்பும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம்? நம்மை யாரெல்லாம் கண்டுபிடிக்க முடியும்?

மடலிலிருந்து தொடங்குகிறேன். 2010இல் வந்த டைனிலெட்டர் என்ற சிறு சேவை, ஆங்கிலத்தில் தன் வாழ்க்கையைக் கடிதம்போல் எழுதிய பெண்கள் பலரின் புகலிடமாக இருந்தது. விளம்பரம் இல்லை, காசு இல்லை, அலங்காரம் இல்லை. அடுத்த ஆண்டே மெயில்சிம்ப் அதை வாங்கியது. மெயில்சிம்பை 2021இல் இன்ட்யூட் வாங்கியது. 2024 பிப்ரவரி 29 அன்று டைனிலெட்டர் மூடப்பட்டது. யாரும் தவறு செய்யவில்லை. லாபம் தராத அறையைப் பூட்டினார்கள், அவ்வளவுதான். முன்னறிவிப்பு தந்ததால், வாசகர் முகவரிகளை எடுத்துவைத்தவர்கள் வேறு இடத்தில் அடுத்த கடிதத்தை எழுதினார்கள். இலவசம் என்றால் பயப்படத் தேவையில்லை. ஆனால் இலவச இடத்தில் குடியிருக்கும்போது மூட்டையைக் கட்டியே வைத்திருக்க வேண்டும்.

இன்று எல்லோரும் சொல்லும் பெயர் சப்ஸ்டாக். 2017இல் தொடங்கியது. தொடங்குவதற்குக் காசில்லை. சந்தா வசூலித்தால் அதில் 10 சதவீதம் அவர்களுக்கு, அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம். எழுத்தாளருக்குச் சுதந்திரம் என்பதுதான் அவர்களுடைய முழக்கம். அந்தச் சுதந்திரம் யார் பக்கம் சாய்கிறது என்று பார்க்க அதன் வரலாற்றில் இரண்டு இடங்கள் போதும்.

2021இல் சில எழுத்தாளர்களுக்கு இந்த நிறுவனம் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தது தெரியவந்தது. யார் யாருக்குக் கொடுத்தது என்ற முழுப் பட்டியலை அது வெளியிடவில்லை. திருநர்களுக்கு எதிராக எழுதுபவர்களை இந்தத் தளம் வளர்க்கிறது என்று குற்றம்சாட்டி, பெண்ணியம் எழுதிவந்த ஜூட் டாயில் தன் மடலை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அடுத்தது 2023 நவம்பர். சப்ஸ்டாக்கில் நாஜி ஆதரவு மடல்கள் நடப்பதையும் அவற்றில் சில பணம் ஈட்டுவதையும் தி அட்லான்டிக் இதழில் ஜோனதன் கட்ஸ் எழுதினார். இருநூறுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டார்கள். எங்களுக்கும் நாஜிகளைப் பிடிக்காது, ஆனால் தடைசெய்வது தீர்வாகாது என்ற பொருளில் நிறுவனர்களில் ஒருவரான ஹாமிஷ் மெக்கென்சி பதில் எழுதினார். 2024 ஜனவரியில் கேசி நியூட்டனின் பிளாட்ஃபார்மர் என்ற பெரிய மடல் கோஸ்ட் என்ற வேறு தளத்துக்குப் போய்விட்டது.

இதில் என்னை உறுத்துவது வேறு. அதே சப்ஸ்டாக்கின் விதிகளில் ஆபாசத்துக்குத் தடை உண்டு. பாலியல் தொழிலில் இருக்கும் ஒரு பெண் தன் தொழில் சார்ந்த மடலை அங்கே நடத்தப் போனால் கருத்துச் சுதந்திரம் வாசலோடு நின்றுவிடும். ஆக, எங்கே கோடு போடுவது என்று இந்த நிறுவனத்துக்கு நன்றாகவே தெரிகிறது. பெண் உடம்பு வரும் இடத்தில் போடத் தெரிந்த கோடு, இனவெறி வரும் இடத்தில் மட்டும் தத்துவச் சிக்கலாகிவிடுகிறது. நடுநிலை என்ற சொல்லை நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் இந்தப் பொருளில் கேட்டிருக்கிறோம்.

இதை எங்கள் ஐவரிடமும் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மூத்தவள் சிரித்தாள். “ஏன்டி, இங்க சாதிச் சங்கம் நடத்துறவன் எல்லாம் வாட்ஸப்புலதான கெடக்கான். நீ வாட்ஸப்ப விட்டியா?” விடவில்லை. விட முடியாது, என் சம்பளச் செய்தியே அதில்தான் வருகிறது. சுத்தமான தளம் என்று ஒன்று கிடைக்காது என்பது அவள் வாதம். நான் கேட்டதும் சுத்தம் இல்லை. வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அந்த விஷயத்தில் சப்ஸ்டாக்கைக் குறை சொல்ல அதிகம் இல்லை. சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். டாயிலும் நியூட்டனும் வாசகர்களை இழக்காமல் வெளியேறியது அதனால்தான். ஆனால் அங்கே சந்தாதாரர் வேறு, பின்தொடர்பவர் வேறு. பின்தொடர்பவர்களின் முகவரி நம்மிடம் வராது. செயலிக்குள் நம்மைப் பின்தொடர்பவர்கள் கூடக் கூட, எடுத்துக்கொண்டு போக முடியாத சொத்துதான் கூடுகிறது. நகையெல்லாம் மாமியார் பீரோவில் இருக்கும் மருமகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

10 சதவீதம் அநியாயமா இல்லையா என்ற சண்டை ஆங்கிலத்தில் நிறைய நடக்கிறது. நமக்கு அந்தச் சண்டைக்கே இடமில்லை. சப்ஸ்டாக்கும் கோஸ்டும் சந்தாப் பணத்தை ஸ்ட்ரைப் என்ற நிறுவனம் வழியாக வாங்குகின்றன. அந்த நிறுவனம் 2024இலிருந்து இந்தியாவில் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்குத் தருகிறது. மதுரையில் ஐந்து பெண்களை யார் அழைப்பார்கள்? வாசகரின் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் தனி விதிகள் வேறு. ‘எழுதிச் சம்பாதியுங்கள்’ என்று தமிழில் வரும் யூடியூப் பாடங்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகின்றன. இப்போதைக்கு எங்கள் மடலின் வருமானம் பூஜ்யம். அதை ஒப்புக்கொண்டு திட்டம் போட்டதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

கோஸ்ட் 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கப்பட்டது. லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. மென்பொருள் திறந்த மூலம், யாரும் எடுத்துச் சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளலாம். அவர்களிடமே குடியிருந்தால் மாதக் கட்டணம், சந்தாவில் பங்கு கேட்பதில்லை. காகிதத்தில் பார்த்தால் இதுதான் பெண்ணியத் தேர்வு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தேன். சொந்த சர்வர் என்றால் அது நின்றுபோகும் ஞாயிற்றுக்கிழமை யாரைக் கூப்பிடுவோம்? “தெரிஞ்ச தம்பி ஒருத்தன் இருக்கான்” என்று உடனே ஒருத்தி சொன்னாள். மூன்று வருடம் முன்பும் தெரிந்த ஒருவர்தான் இருந்தார். சொந்த வீடு கட்டிவிட்டு மோட்டார் சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் இருப்பதற்கு, வாடகை வீடே மேல்.

சரி, பணம் கொடுத்தே குடியிருப்போம் என்றால் கார்டு வேண்டும். ஐவரில் சொந்தப் பெயரில் கிரெடிட் கார்டு இருந்தது ஒருத்தியிடம். அதிலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருந்தது. வங்கிச் செயலியில் அதைத் திறந்தபோது குறுஞ்செய்தி அவள் அண்ணன் நம்பருக்குப் போனது. கணக்குத் தொடங்கிய காலத்தில் கொடுத்த நம்பர். “என்னத்துக்கு ஃபாரின்ல பணம் கட்டுற?” என்று பத்து நிமிடத்தில் போன் வந்துவிட்டது. அடுத்த நாள் வங்கிக்குப் போய் நம்பரை மாற்றினாள். ஒரு மடல் தொடங்கப் போய் ஒருத்தியின் வங்கிக் கணக்கு அவளிடமே வந்து சேர்ந்ததை எந்த ஒப்பீட்டு அட்டவணையில் எழுதுவது?

சொந்த மேடை என்று பேசும்போதெல்லாம் நாம் வை. மு. கோதைநாயகியை நினைப்போம். ஐந்து வயதில் திருமணம் ஆனவர். முதல் படைப்பான ‘இந்திர மோகனா’வை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தி எழுதினார். எனக்கு அது தமிழின் முதல் பாட்காஸ்ட் போலவே படும். 1925இல் ‘ஜகன்மோகினி’யை எடுத்து நடத்தி, அச்சகமும் சொந்தமாக வைத்துக்கொண்டவர். அவருக்குப் பின்னால் ஆதரவான கணவரும் திருவல்லிக்கேணிப் பிராமணக் குடும்பத்தின் வசதியும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வசதி எதுவும் இல்லாமல், தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் 2008இலிருந்து சங்கம் ரேடியோவை நடத்துகிறார்கள். ஜெனரல் நரசம்மாவும் அல்கோல் நரசம்மாவும் ஒலிப்பதிவு, ஒலிபரப்பு இயந்திரங்களைத் தாங்களே கையாளக் கற்றுக்கொண்டவர்கள். பின்னால் அமைப்பும் உரிமமும் இருந்தன. ஆனாலும் பட்டனை அழுத்தியது அவர்கள் விரல். எனக்கு முன்மாதிரி என்றால் இவர்கள்தான்.

இனி, அட்டவணைகளில் நான் எங்கும் காணாத ஒன்று. பட்டியலுக்கு மொத்தமாக அனுப்பும் மடலின் அடியில் பல சேவைகள் ஒரு தபால் முகவரியைப் போடச் சொல்கின்றன. அமெரிக்காவில் 2003இல் வந்த ஒரு சட்டம் வணிக மின்னஞ்சலில் அனுப்புநரின் முகவரி இருக்க வேண்டும் என்கிறது. பெரும்பாலான சேவைகள் அந்த நாட்டுடையவை. 2020இல் நாங்கள் ஒரு சேவையில் சோதனைக்காக மடல் அனுப்பிப் பார்த்தோம். பதிவு செய்யும்போது கேட்ட இடத்தில் தோழி தன் வீட்டு முகவரியைத் தட்டினாள். கதவு எண் உட்பட அது ஒவ்வொரு மடலின் அடியிலும் சின்ன எழுத்தில் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மடலுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. “உங்கள் தெருமுனை டீக்கடையில் டீ நன்றாக இருக்கிறது” என்று மட்டும் எழுதியிருந்தது. மிரட்டல் என்று போலீஸிடம் காட்டினால் சிரிப்பார்கள். அவள் இரண்டு மாதம் அந்தத் தெருமுனை வழியாகப் போகவில்லை.

சப்ஸ்டாக் இந்த இடத்தில் தன் சொந்த அலுவலக முகவரியைப் போட்டுக்கொள்கிறது. அந்த ஒரு விஷயத்துக்காகவே தனியாக எழுதும் பெண்ணுக்கு அதைப் பரிந்துரைக்கத் தோன்றுகிறது, மேலே எழுதிய அத்தனைக்கும் பிறகும். வேறு சேவை என்றால் தபால் பெட்டி எண்ணோ, சம்மதித்த ஓர் அமைப்பின் முகவரியோ கொடுங்கள். பாட்காஸ்டிலும் இதே பொறி உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஃபீட் என்ற பொதுப் பட்டியல் ஒன்று இருக்கும். உரிமையாளரின் மின்னஞ்சல் அதில் வெளிப்படையாக எழுதப்படுவது வழக்கம். இப்போது பல சேவைகளில் மறைத்துவைக்கலாம். மறைக்கும் பட்டனைத் தேடிப் பாருங்கள். அதற்கென்றே தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வாசிப்பவளும் இருக்கிறாள். தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் எடுத்த கணக்குப்படி, தான் பயன்படுத்தும் மொபைல் போன் தன்னிடமே இருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம்தான். மற்றவர்கள் மகன் போனில், கணவர் போனில் படிக்கிறார்கள். மடலின் தலைப்பு அந்தப் போனின் திரையில் மேலே வந்து விழும். ‘அடிக்கும் கணவனிடமிருந்து சட்டம் தரும் பாதுகாப்பு’ என்று தலைப்பு வைத்தால் யார் முதலில் பார்ப்பார்? யார் எப்போது திறந்தார்கள் என்று எண்ணிச் சொல்லும் வசதி பெரும்பாலான சேவைகளில் உண்டு. அதை வளர்ச்சிக் கருவி என்கிறார்கள். கோஸ்டில் அந்த எண்ணிக்கையை நிறுத்திவைக்க முடிகிறது, நாங்கள் நிறுத்திவிட்டோம். வாட்ஸப் குழுவாக நடத்தலாம் என்ற யோசனையும் வந்தது. தமிழ்ப் பெண்கள் மின்னஞ்சல் பார்ப்பதே அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் குழுவில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். 2023இல் வந்த வாட்ஸப் சேனலில் பின்தொடர்பவர் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது, அது நல்லது. எடுத்துப்போகப் பட்டியலும் கிடையாது. எனவே சேனலை அறிவிப்புப் பலகையாக மட்டும் வைத்திருக்கிறோம்.

பாட்காஸ்டில் வெளியேறும் வழி கொஞ்சம் வேறு. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் எல்லாம் நம் ஒலியைக் காட்டும் கடைவாசல்கள். சரக்கு இருப்பது ஃபீட் இருக்கும் இடத்தில். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டபோது யாருடைய ஒலியும் அழியவில்லை, ஒரு வாசல் சாத்தப்பட்டது. ஆனால் ஃபீட் இருக்கும் சேவையை மாற்றும்போது, பழைய சேவை “இவர்கள் புது முகவரிக்குப் போய்விட்டார்கள்” என்று வழிகாட்டிவிட வேண்டும். வீடு மாறினால் தபால்காரரிடம் சொல்லிவைப்பதுபோல. அந்த வசதி உண்டா, கணக்கை மூடிய பிறகும் எத்தனை நாள் நீடிக்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் எழுதிக் கேளுங்கள். ஆங்கர் என்ற பெயரில் வந்த இலவசச் செயலியை 2019இல் ஸ்பாட்டிஃபை வாங்கி, பெயரை இரண்டு முறை மாற்றிவிட்டது. பெயர் மாறினால் மாறட்டும், வழிகாட்டி நிற்கிறதா என்பதே நம் கவலை.

இதற்கு நேர் எதிரான ஒரு கேள்வியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தச் சத்துணவு ஆயா. மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் தன் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தோம். ஆனால் கேட்பவர்களின் போனில் ஏற்கனவே இறங்கியதை எடுக்க முடியாது என்று அவரிடம் பேசுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அழிந்ததற்காக அழுத அதே நாங்கள்தான் அழியாததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். லாப நோக்கமற்ற இணைய ஆவணக் காப்பகத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவைத்தால் என்றைக்கும் இருக்கும் என்கிறார்கள். என்றைக்கும் இருக்கட்டுமா என்று இப்போது ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கிறோம். இதுவரை கேட்டவர்களில் நான்கு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், ஒருவர் “நான் செத்த பெறகு போடு” என்றார்.

கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்று வாக்களித்து கோஸ்டில் பணம் கட்டிச் சேர்ந்தோம். மூத்தவள் எதிர்த்து வாக்களித்தாள், இன்னும் முணுமுணுக்கிறாள். ஆளுக்கு மாதம் 300 ரூபாய், சீட்டு மாதிரி. ஒலி வேறொரு கட்டணச் சேவையில். இரண்டுக்கும் எங்கள் சொந்த இணைய முகவரி. தளத்தை எங்கே மாற்றினாலும் வாசகர் வந்து நிற்கும் வாசல் அதுதான் என்பதால், மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கவில்லை. பதிவு செய்தது வீட்டை விட்டு வந்த அந்தத் தோழியின் பெயரில், அவள் கார்டில். பாஸ்வேர்டு இரண்டு பேரிடம். மாதக் கடைசியில் வாசகர் பட்டியலையும் ஒலிக்கோப்புகளையும் இறக்கி இரண்டு பென்டிரைவில் போடுகிறோம், ஒன்று என்னிடம், இன்னொன்று ஆரப்பாளையத்தில். முதல் மடல் 83 பேருக்குப் போனது.

பீடி சுற்றிய அம்மாவின் மகள் போன மாதம் வந்து பேசினாள். அம்மாவின் முதல் சம்பளத்தைப் பற்றித் தனக்கு நினைவிருப்பதைச் சொன்னாள். தொகை அவளுக்கு நினைவில்லை, எங்களுக்கும் இல்லை. இணைய முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய தேதியைத் தோழி அடுப்பங்கரைக் காலண்டரில் கேஸ் புக் பண்ணும் தேதிக்குப் பக்கத்தில் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.